எண்ணுவதை நிறுத்திய பிறகு

கோட்டை வாசலில் மான்கள் இன்னும் படுத்திருக்கும் நேரம், விடிய ஐந்தரைக்கே ஜிம்மைத் திறந்துவிடுவேன். திருகோணமலையில் ஒன்பது வருடம் இப்படித்தான் போனது. "இன்னும் ரெண்டு, விடாத!" இதுதான் என் தொழில். களைத்தவனை இன்னும் கொஞ்சம் தள்ளினால் நிமிர்ந்துவிடுவான் என்று முழுமனதாக நம்பினேன். பாரம் தூக்குவதில் அது பெரும்பாலும் சரிதான்.

ஒரு பெடியன் வருவான், கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. ஓய்வே எடுக்கமாட்டான். தசை தேறுவது உறங்கும்போதுதான் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒருநாள் பெஞ்சில் படுத்தவன் கம்பியைத் தொடவில்லை. "அண்ணா, மூண்டு கிழமையா நித்திரையே இல்ல" என்றான். "இருபது நிமிஷம் கூட ஓடு, தானா வரும்" என்றேன். ஓடினான். அடுத்த கிழமையிலிருந்து அவனைக் காணவில்லை. எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்தப் பெஞ்ச் என்னை விடவில்லை. யாராவது பக்கத்தில் இருங்கள் என்றுதான் அவன் அன்று கேட்டிருக்கிறான்.

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், படிக்கப் போனதற்கு அதுதான் காரணம். வருமானம் பாதியானது, வீட்டில் மனஸ்தாபம், அதெல்லாம் இருந்தது. கஷ்டமாக இருந்தது வேறொன்று. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய நிபந்தனையற்ற ஏற்பை, அதாவது வந்தவரை எடைபோடாமல் அப்படியே ஏற்பதைப் பற்றி வகுப்பில் நன்றாகப் பதில் சொல்வேன். பயிற்சி உரையாடலில் ஆசிரியை இடைமறித்து, "உங்கட விரல் என்ன செய்யுது?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருப்பவர் பேசப் பேச, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய தொழில் வீண்போகவில்லை. தோள் காதுவரை ஏறியிருப்பதையும், மூச்சு வயிற்றுக்கு இறங்காமல் நெஞ்சின் மேலேயே நிற்பதையும் கதவருகிலேயே கண்டுகொள்வேன். அங்கே பாரத்துக்கு மூச்சைக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். இங்கே நீளமாக விடச் சொல்லிக் கொடுக்கிறேன். வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு தணியும். இரவில் தனித்திருப்பவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைச் சின்னத் தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பெடியனுக்குக் கொடுக்க அன்று எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை.

இங்கே பலர் வருடம் சொல்லமாட்டார்கள். கடல் வரமுந்தி, கடல் வந்த பிறகு என்பார்கள். சுனாமி வந்த 2004 மார்கழி 26தான் அந்தக் கோடு. போன மாதம் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது, வெளியே ஆட்டோ ஒன்று போனது. அவர் சேலைத் தலைப்பின் நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றினார். என் கைகள் மடியில் சும்மா கிடந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் சம்மதித்ததால் இந்த ஒரு வரியை மட்டும் எழுதுகிறேன்.

"தம்பி, கடல் வரமுந்தி நானும் நல்லா நீந்துவன்."