குப்பியில் ஒட்டிய 'வோல்பாக்கியா பாக்டீரியா இல்லை' என்ற சீட்டை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்

ஒருவழியாக ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பழ ஈயில் மைட்டோகாண்ட்ரியா ஆய்வு தொடங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்கினால் எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

உட்கரு மரபணுக்கள் எல்லா ஈக்களிலும் ஒரே மாதிரி இருக்க, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் மாற்றினால் நடத்தை மாறுமா என்பதுதான் என் கேள்வி. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது வெறும் 37 மரபணுக்கள். ஆனால் அவை தாய்வழியே மட்டும் போகின்றன. ஆணை மட்டும் பாதிக்கிற சடுதிமாற்றம் அங்கே வந்துவிட்டால் இயற்கைத் தேர்வு அதைக் களையாது. 2004-இல் 'தாயின் சாபம்' என்று பெயர் வைத்தார்களே, அந்தக் கருத்து. ஆண் ஈக்களின் இரவுபகல் நடமாட்டத்தில் அது தெரிகிறதா என்று பார்க்க நினைத்தேன்.

பிற்கலப்பு, அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் ஈக்களை ஒரே ஸ்டாக்கின் (தனியாகப் பேணி வளர்க்கும் ஈ வரிசை) ஆண்களோடு சேர்த்து உட்கருவை மாற்றுவது, சிக்கலில்லாமல் முடிந்தது. பத்துத் தலைமுறையில் உட்கரு 99.9 விழுக்காடு மாறிவிடும். 25 டிகிரியில், ஈ வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் கன்னிப் பெண் ஈக்களைப் பிரித்தாக வேண்டும் என்பதால் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

முதல் முட்டுக்கட்டை கொள்முதல் பிரிவில். நடமாட்டக் கருவிக்குக் கண்ணாடிக் குழாய்கள் கேட்டால், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் எங்கே என்று படிவம் திரும்பி வந்தது. பூச்சிகளுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை என்று நேரில் போய்ச் சொன்னேன். "தலைப்புல விலங்கு நடத்தைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றார் அங்கிருந்தவர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம். குழுவிடம் போனால், எங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயத்துக்கு நாங்கள் ஏன் கடிதம் தர வேண்டும் என்றார்கள். கடைசியில் 'ஒப்புதல் தேவையில்லை' என்று ஒரு வரிக் கடிதம் வாங்குவதற்குள், குறித்து வைத்திருந்த தலைமுறை கிழடாகிப் போனது. சேர்ந்த முதல் வாரமே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது.

ஈக்களை அனுப்பிய ஆய்வகம் ஒவ்வொரு குப்பியிலும் 'வோல்பாக்கியா இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தது. வோல்பாக்கியா ஈயின் செல்லுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா. அதுவும் முட்டை வழியே தாயிடமிருந்து மட்டும்தான் போகும். அதாவது மைட்டோகாண்ட்ரியா போகும் அதே வண்டியில் ஏறி வரும் பயணி. இரண்டு ஸ்டாக்குகளின் நடத்தையில் வித்தியாசம் தெரிந்தால் யாரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிற்கலப்பு செய்யும்போது பிடிபடவும் செய்யாது. தொற்றுள்ள ஆணும் தொற்றில்லாத பெண்ணும் சேர்ந்தால்தான் முட்டைகள் சாகும், இந்த இனத்தில் அதுவும் லேசாகத்தான். நான் பெண்களை அந்த ஸ்டாக்கிலிருந்தும் ஆண்களைச் சுத்தமான ஸ்டாக்கிலிருந்தும் எடுத்ததால் எல்லா முட்டையும் நன்றாகப் பொரிந்தது.

ஆய்வகத்தில் ஒரு ஜூனியர், டி.என்.ஏ.வைப் பெருக்கி வோல்பாக்கியா இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை பழகிக்கொண்டிருந்தாள். நெகட்டிவ் கண்ட்ரோலுக்கு, அதாவது தொற்றில்லாத ஒப்பீட்டு மாதிரிக்கு, சுத்தமான ஈ வேண்டும் என்று என் குப்பியிலிருந்து வாங்கிப் போனாள். "அக்கா, உங்க ஈயிலதான் பேண்ட் பளிச்சுனு வருது" என்று ஜெல் படத்தோடு வந்து நின்றாள். அதில் பேண்ட் (பட்டை) தெரிந்தால் தொற்று இருக்கிறது என்று அர்த்தம். மற்றவற்றையும் சோதித்தால் பாதி ஸ்டாக்குகளில் தொற்று. அதுவரை எடுத்த நடமாட்டத் தரவு முழுதும் குப்பைக்கு. அனுப்பிய ஆய்வகத்துக்கு எழுதினேன். "அப்போது சோதித்தபோது இல்லை" என்று பதில் வந்தது. எப்போது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. உலகின் மிகப் பெரிய பழ ஈ சேமிப்பு மையத்தின் ஸ்டாக்குகளிலேயே சுமார் 30 விழுக்காட்டில் இந்தத் தொற்று இருந்ததாக 2005-இல் கணக்கு வெளியானது. ஒட்டிய சீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

நல்லவேளை, பிற்கலப்பு வீணாகவில்லை. தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்து இரண்டு தலைமுறை வளர்த்தால் வோல்பாக்கியா போய்விடும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியா ரைபோசோமின் சாயல் கொண்டது. அந்த மருந்து அதையும் அடிக்கும். எதை அளக்கப் போகிறோமோ அதையே கெடுத்துவிட்டு அளந்தால் என்ன பயன்? மருந்தை நிறுத்திச் சில தலைமுறை காத்திருக்க வேண்டும். குடல் பாக்டீரியாவும் செத்திருக்கும் என்பதால், மருந்து படாத ஆண் ஈக்கள் இருந்த தீவனத்தில் கொஞ்ச நாள் விட்டெடுத்தேன். முக்கியமாக, தொற்றில்லாத ஸ்டாக்குகளுக்கும் இதே வைத்தியத்தைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மருந்தே ஒரு வித்தியாசமாகிவிடும். உதவித்தொகை முடியும் தேதி மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

மறுபடி அளந்தபோது, முன்பு பெண் ஈக்களில் பார்த்துக் குதித்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையில் ஆண்கள் இரவில் அதிகம் நடமாடியது மட்டும் மிஞ்சியது. கட்டுரையை அனுப்பினோம். இரண்டாவது மதிப்பீட்டாளர் எதிர்பார்த்தபடியே கேட்டார்: இது வோல்பாக்கியாவின் வேலை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வைத்தியத்துக்குப் பிறகு எடுத்த, பேண்ட் வராத ஜெல் படம் கையில் இருந்தது. வித்தியாசம் தற்செயல் இல்லை என்று காட்ட, ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியா வகைக்கும் தனித்தனியாக வளர்த்த இரண்டு ஸ்டாக்குகள் இருக்கின்றனவா என்பது அவருடைய அடுத்த கேள்வி. என் நெறியாளர் தொடக்கத்திலேயே விடாப்பிடியாக வளர்க்க வைத்திருந்தார். அப்போது அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் அன்றே பதில் எழுதினோம்.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் சில ஈக்களை எத்தனாலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தொற்று பொதியோடு வந்ததா, இங்கே கலந்ததா என்று எங்கள் துறைக் கூட்டத்தில் கேட்டபோது, பொதி பிரித்த அன்றே போட்டு வைத்த குழாயைத்தான் எடுத்துச் சோதித்தேன். அதிலேயே பேண்ட் வந்தது.