டையூ கங்கேஷ்வரரும் குக்ரி கப்பலும்

சோமநாத் போகிறவர்கள் பெரும்பாலும் குஜராத் கரையோரத் தீவான டையூவை விட்டுவிடுகிறார்கள். மது தாராளமாகக் கிடைக்கும் ஊர் என்று பெயராகிவிட்டதால் யாத்திரைக் குழுக்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை போலும். பெரியப்பாவின் பிடிவாதத்தால் நாங்கள் முதலில் அங்கேதான் போனோம்.

ஃபுதம் கிராமத்தில், கடலோரப் பாறைக் குகைக்குள் இருக்கிறார் கங்கேஷ்வர் மகாதேவர். ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்ட ஐந்து லிங்கங்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் பிரதிஷ்டை செய்தவை என்பது ஐதீகம். அபிஷேகத்தைக் கடலே பார்த்துக்கொள்கிறது. நாங்கள் படியிறங்கியபோது நீர் ஏறும் நேரம். பெரியப்பா சாத்திய வில்வத்தை அடுத்த அலை தூக்கி, பாறை இடுக்கில் ஒரு சுற்று சுற்றி, வெளியே கொண்டுபோயிற்று. மறுபடி சாத்தினார், அதுவும் போயிற்று. "வாங்கிண்டுட்டார்" என்றார், நனைந்த வேட்டியோடு.

அப்புறம் குக்ரி நினைவிடம். சக்ரதீர்த்தக் கடற்கரைப் பக்கம் ஒரு மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியின் மாதிரி. இந்திய-பாகிஸ்தான் போரின்போது, 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவில் சில நிமிடங்களிலேயே மூழ்கிய கப்பல். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டுக் கப்பலோடேயே இருந்துவிட்டார் என்கிறார்கள். மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் தந்தார்கள்.

"இவா ஆத்து மனுஷா எந்த அஸ்தியைக் கரைச்சிருப்பா?" என்று கேட்டார் பெரியப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலை சோமநாத் திரிவேணி சங்கமத்தில் தர்ப்பணம். சரஸ்வதி, கபிலா, ஹிரண் மூன்றும் கடல் சேருமிடம். முடிவில் 'யேஷாம் ந மாதா ந பிதா' என்று ஒரு மந்திரம் வரும். தாய் தந்தை, பந்து, கோத்திரம் என்று யாருமில்லாதவர்களும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று. வழக்கமாக வேகமாகச் சொல்லி எழுந்துவிடுவோம். பெரியப்பா அன்று அதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். எள்ளும் நீருமாக ஒருமுறை விட்டார். மறுபடி அதே மந்திரத்தைச் சொல்லி இன்னொரு முறை விட்டார்.

"ரெண்டாவது யாருக்கு பெரியப்பா?"

"அதே டிசம்பர்ல விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி நீர்மூழ்கி முழுகித்தே, அதுல இருந்தவாளுக்கு."

"அவா பாகிஸ்தான்காராளாச்சே?"

"மந்திரத்துல கோத்திரமே கேக்கலை, நீ தேசம் கேக்கறே" என்று சொல்லிவிட்டு, விரலிலிருந்த தர்ப்பைப் பவித்திரத்தை அவிழ்த்தார்.