ஜிடபிள்யூடி பிழையா? முதலில் மாட்யூல் கோப்பைப் பாருங்கள்

மொரிஷியஸின் எபென் சைபர்சிட்டியில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஜாவா வேலையில் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. பழைய ஜிடபிள்யூடி (ஜாவாவில் வெப் ஆப் எழுத உதவும் கூகுள் வெப் டூல்கிட்) புராஜெக்டைத் திறந்ததும் 'இந்த வகைக்கு சோர்ஸ் கோட் இல்லை, தேவையான மாட்யூலை இன்ஹெரிட் பண்ண மறந்தீர்களா' என்று பிழை வந்தால், உடனே கோட் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். ஜிடபிள்யூடி ஜாவாவை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுவதால் வெறும் கிளாஸ் கோப்பு இருந்தால் போதாது, சோர்ஸும் வேண்டும். மாட்யூல் கோப்பான எக்ஸ்எம்எல்லில் சோர்ஸ் டேக் எதுவுமே இல்லையென்றால் கிளையன்ட் ஃபோல்டரைத் தானாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் யாராவது ஷேர்டு ஃபோல்டருக்கு மட்டும் ஒரு டேக் சேர்த்துவிட்டால் அந்த வசதி போய்விடும், கிளையன்டையும் நாமே எழுத வேண்டும். பலரை அலைக்கழிப்பது இதுதான்.

அப்புறம், தேவையான ஜார்களை இறக்கித் தரும் மேவன். 2022-ல் வந்த ஜிடபிள்யூடி 2.10 பதிப்பில் குரூப் ஐடியில் கூகுள் பெயர் போய் ஆர்க்.ஜிடபிள்யூடிபுராஜெக்ட் வந்துவிட்டது, பழையதும் புதியதும் கலந்தால் கிளாஸ்பாத்தில் மோதும். டாம்கேட் 10 சர்வருக்குப் போகிறவர்களுக்கு ஜகார்த்தா சர்வ்லெட் ஜார் வேண்டும், அது ஜிடபிள்யூடி 2.11-ல்தான் வந்தது. மாற்றியதும் எக்லிப்ஸில் மேவன் அப்டேட் புராஜெக்ட் கொடுங்கள்.

இந்தப் பிழையைப் பற்றி இன்பாக்ஸில் கேட்ட க்யூர்பிப் ஊர்த் தம்பி, உன் மாட்யூல் கோப்பை இங்கேயே ஒட்டு, பார்த்துச் சொல்கிறேன்.