எங்க தெரு பப் கைமாறிடுச்சு

போன மாசம் எங்க தெரு பப்ப வித்துட்டாங்க, புது ஓனர் வந்ததும் பழைய சோஃபாவெல்லாம் தூக்கிட்டு பெரிய பெரிய டிவியா மாட்டிட்டாரு, தினமும் மூலை டேபிள்ல உக்காந்து குறுக்கெழுத்து போடுற பெரியவர் இப்ப வர்றதே இல்ல, மனசே ஆறல எனக்கு. நான் அங்க குடிச்சது வெறும் லெமனேட் தான், ஆனா லண்டன் வந்த புதுசுல என் பேர சரியா சொல்லி கூப்பிட்ட முதல் இடம் அது.

தெற்கு லண்டன்ல நன்ஹெட்னு ஒரு ஏரியா, அங்க ஐவி ஹவுஸ்னு ஒரு பப், 2012ல மூடிட்டாங்க. அந்த ஊர் ஜனங்க விடல. 2011 லோக்கலிசம் சட்டத்த வெச்சு, இது ஊருக்கு வேண்டிய சொத்துன்னு கவுன்சில்ல பதிய வெச்சாங்க, அப்படி பதிவான முதல் பப் அது தான். அதனால பணம் சேர்க்க 6 மாசம் டைம் கெடைச்சுது, கடன் வாங்கி, 371 பேர் பங்கு போட்டு, 2013ல தாங்களே வாங்கி தொறந்துட்டாங்க!

எங்க பப்ப யாரும் பதியல, எனக்கும் அப்ப இது தெரியாது. அடுத்த தெருவுல இன்னொரு பப் இருக்கு, அதையாவது பதிய வெக்கணும். வோட்டர் லிஸ்ட்ல உள்ள 21 பேர் சேர்ந்தா மனு போடலாம், இதுவரை 9 பேர் சரின்னுட்டாங்க, பெரியவர் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போறேன்.