மகள் மடத்துக்குப் போகிறேன் என்றாள், நான் ஓரியூர் போனேன்

"ஆண்டவர் என்னிடம் பேசினார்" என்று ஜெபக்கூட்டத்தில் யாராவது சாட்சி சொல்லும்போதெல்லாம், எப்படிப் பேசினார், காதில் கேட்டதா, கனவில் வந்தாரா என்று எழுந்து கேட்டுவிடலாமா என்று இருக்கும் எனக்கு. ஏனென்றால் எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. பூசை, ஜெபமாலை, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை என்று சின்ன வயதிலிருந்து எதையும் விட்டதில்லை. ஆனால் எல்லாவற்றிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பேசுவதை எப்படிக் கேட்பது என்ற கேள்வியே வராமல்தான் காலம் போனது, என் மகள் கல்லூரியை முடித்த கையோடு "அம்மா, நான் மடத்துல சேரப் போறேன்" என்று சொல்லும்வரை.

ஒரே மகள். நகை சேர்த்து வைத்திருந்தோம், ஒன்றிரண்டு இடத்திலிருந்து வரன் கூட வந்திருந்தது. அவள் அப்பா அன்று தட்டில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இது உண்மையிலேயே இறையழைத்தலா, இல்லை ஹாஸ்டலில் பார்த்த சிஸ்டர்கள் மேல் வந்த பாசமா? துறவற சபையில் சேர எங்கள் சம்மதக் கடிதமும் வேண்டும் என்றாள். அப்போது ஒன்று புரிந்தது. அவளுக்கு என்ன அழைப்பு என்று கண்டுபிடிப்பது அவள் வேலை, அவளைச் சேர்த்துக்கொள்ளும் சபையின் வேலை. இதில் ஆண்டவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்பதைத்தான் நான் கேட்டாக வேண்டும்.

கண்ணை மூடி பைபிளைத் திற, விரல் படும் வசனம்தான் பதில் என்றார் ஒரு அண்ணி. பீடத்தில் திருவுளச்சீட்டு போட்டு எடுக்கச் சொன்னார்கள் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. எங்கள் பங்குச்சாமியார்தான், இயேசு சபையினர் நடத்தும் தியான இல்லம் ஒன்றுக்கு என்னை அனுப்பி வைத்தார்.

அங்கே ஃபாதர் முதலில் எடுத்தது சாமுவேல் கதை. ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அந்தப் பையன் மூன்று தடவை ஏலியிடம்தான் ஓடினான், கூப்பிடுவது யார் என்று ஏலி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆலயத்திலேயே படுத்துத் தூங்கியவனுக்கே கேட்கப் பழக வேண்டியிருந்தது என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்புறம் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினில் பம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலைப் பதம் பார்க்க, சொந்த வீடான லொயோலாவில் மாதக்கணக்கில் படுத்த படுக்கை. வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் அது இல்லை, இயேசுவின் வாழ்க்கையும் புனிதர்கள் கதைகளும்தான் கிடைத்தன. படுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கனவு காண்கிறார். போர்வீரனாகப் பெரிய சீமாட்டிக்குச் சேவை செய்வதாக ஒன்று, புனித பிரான்சிஸ் போல, தோமினிக் போல வாழ்வதாக இன்னொன்று. நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்தபின் முதலாவது வறட்சியையும் அலுப்பையும் விட்டுப் போனது, இரண்டாவது விட்டுப்போன சந்தோஷம் அப்படியே நின்றது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில் தொடங்கியதுதான் அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்'. ஆண்டவர் விருப்பம் எது என்று பிரித்தறிவதை, திருச்சபையில் 'தேர்ந்து தெளிதல்' என்று இன்று சொல்லித்தருவதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

கடைசி நாளில் ஃபாதர் என்னிடம், "அம்மா, ஒரு தடவை ஓரியூர் போய் அருளானந்தரோட அம்மாவை நினைச்சுக்கிட்டு உட்காருங்க" என்றார். ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் வேதசாட்சியாக இறந்த புனிதர் அருளானந்தரைத் தெரியும். அவருடைய அம்மாவைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோதான் நம் அருளானந்தர். அப்பா ரியோ தெ ஜெனீரோவில் ஆளுநராக இருந்தபோதே இறந்துவிட, அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த இந்தப் பையனுக்குச் சின்ன வயதில் பிழைப்பானா என்கிற அளவுக்கு நோய். பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை அங்கி உடுத்திவிடுகிறேன் என்று சவேரியாரிடம் நேர்ந்துகொண்டது அந்த அம்மாதான். பையன் பிழைத்தான், அங்கி போட்டான், பிறகு அதைக் கழற்ற மனமில்லாமல் 15 வயதில் சபையிலேயே சேர்ந்துவிட்டான். இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தடுக்கச் சொல்லி திருத்தந்தையின் தூதரிடம் வரைக்கும் போய் நின்றார் அந்தத் தாய். நடக்கவில்லை. 1673-இல் மகன் கோவா வந்து இறங்கினார், மதுரை மறைப்பணித்தளத்தில் காவி கட்டி, கறி மீன் விட்டு, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-இல் ராமநாதபுரத்து மறவர் சீமையில் பிடித்து வதைத்தார்கள், விடுதலையானார், சபை அவரைப் போர்ச்சுகலுக்கு அனுப்பியது. கூட வளர்ந்த இளவரசன் இப்போது அரசர் இரண்டாம் பெத்ரு. இங்கேயே இரு என்று அரசரே கேட்டும், 1690-இல் திரும்ப இங்கே வந்துவிட்டார்! மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, மற்ற மனைவிகளை விலக்கி ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்ததில் வந்த பகைதான், 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று, ஓரியூரில் அவர் தலையை வெட்டியதில் முடிந்தது.

திருவிழாக் கூட்டம் வடிந்தபின் ஒரு வார நாளில் நானும் வீட்டுக்காரரும் போனோம். திருவாடானை தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பனையும், இடையில் அறுப்பு முடிந்த வயல்கள். கோயில் வளாகத்தில் ஒரு குடும்பம் மரத்தடியில் அடுப்பு மூட்டி நேர்ச்சைச் சமையல் செய்துகொண்டிருந்தது. மொட்டையடித்த குழந்தையின் தலையில் சந்தனம், அதன் பாட்டி நெற்றியில் திருநீறு. ஓரியூரில் இதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை, சுற்றுவட்டாரம் முழுக்க அவர் எல்லாருக்கும் சாமிதான். அவர் இரத்தம் பட்டதால் சிவந்தது என்று ஜனங்கள் நம்பும் அந்த மண்ணை அந்தப் பாட்டி குனிந்து விரலால் தொட்டு, முதலில் பேரன் வயிற்றில் தடவிவிட்டு, மிச்சத்தைச் சேலை முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். செம்மண் புனிதர் என்று அவரைச் சும்மா சொல்லவில்லை.

நான் உள்ளே போய் நற்கருணைப் பேழைக்கு எதிரே உட்கார்ந்தேன். தியானத்தில் சொல்லித்தந்தபடி, மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டதாகவே முதலில் மனதில் வைத்துப் பார்த்தேன். பந்தல், பட்டு, பேரப்பிள்ளை. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு அரிப்பு, "நான் வாங்கிக்கொடுத்த வாழ்க்கை இது, அவள் கேட்டது இல்லையே" என்று. அப்புறம் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாக நினைத்தேன். அழுகைதான் வந்தது, நிறையவே அழுதேன். ஆனால் அழுது முடித்தபின் உள்ளே ஒரு நிதானம் வந்து உட்கார்ந்தது, நான் வரவழைத்தது இல்லை அது. ஆண்டவரை நோக்கிப் போகிற ஆளுக்கு நல்ல ஆவியின் தூண்டுதல் பஞ்சில் விழும் நீர்த்துளி மாதிரி சத்தமில்லாமல் இறங்கும், கெட்ட ஆவியினுடையது கல்லில் விழுந்து தெறிக்கும் என்று இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறாராம். எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நிமிடத்தையே பதில் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அழுதால் யாருக்கும் மனசு லேசாகும். ஊருக்கு வந்தபின் தினமும் படுக்கப்போகுமுன் ஆன்ம சோதனை செய்தேன். பாவங்களை மட்டும் எண்ணுவது என்றுதான் இதைப் பலர் நினைக்கிறோம். அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, எப்போது மனம் ஆண்டவர் பக்கம் சாய்ந்தது, எப்போது விலகியது என்று காலையிலிருந்து வரிசையாகத் திரும்பிப் பார்ப்பது அது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்த இரவு, நாளைக்கே மதர் சுப்பீரியருக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று கொதித்தது. மனம் வறண்டு கலங்கிக் கிடக்கும்போது முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே, இது இஞ்ஞாசியார் விதி. போனை எடுக்கவில்லை. இரண்டு நாளில் கொதிப்பு அடங்கியது, ஓரியூரில் வந்த நிதானம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மனதில் போவதை யாரிடமும் சொல்லாமல் மூடி வைக்காதே என்பதும் அவர் சொன்னதுதான், அதனால் ஒவ்வொன்றையும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது சாமியாரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரை ஆறுதல்படுத்தியது வேறு விஷயம். நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது ஒரு வருடம், அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, குறைந்தது 3 வருடம், அதன்பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு, நடுவில் அவளுக்கு இது சரிப்படாது என்று அவளோ சபையோ நினைத்தால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சாமியார் விளக்கினார். திருச்சபையே இவ்வளவு வருடம் எடுத்துக்கொண்டுதான் கேட்கிறது என்றால் நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று வீட்டுக்காரரே கேட்டார். கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

மகன் வேதசாட்சியாக இறந்த செய்தி லிஸ்பனுக்குப் போனபோது அருளானந்தரின் அம்மா துக்க உடை உடுத்தாமல், விழாவுக்கு உடுத்துவதை உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போனாராம். அந்த அளவுக்கு என்னால் வர முடியுமா தெரியவில்லை, அதைத்தான் இப்போது கேட்டு ஜெபிக்கிறேன். அவள் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தால் இன்னும் வலிக்கிறது, ஆனால் அந்த வலி என்னை ஜெபத்திலிருந்து தள்ளிவிடவில்லை.

ஓரியூர் போகிறவர்கள் தேர் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரித் திருவிழாவுக்குப் போங்கள். ஆண்டவரிடம் ஒரு காரியம் கேட்டு உட்கார வேண்டுமென்றால் சாதாரண நாளில் காலையிலேயே போய்விடுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும், வெயில் கடுமை. போனால் என் மகளுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள், அவள் அப்பாவுக்காக இன்னொன்று.