வீட்டிலேயே ஒரு ஏ320 த்ராட்டில்

எங்கள் வீடு சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே இருக்கிறது. கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் அதன் 07 ஓடுபாதைக்கு இறங்கும் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். மொட்டை மாடியில் நின்றால் சக்கரங்கள் தனித்தனியாகத் தெரியும். என்ஜின் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டால், உள்ளே ஒருவர் கை வைத்து எதையோ நகர்த்துகிறார் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கை எப்படி இருக்கும் என்ற ஆசைதான் இந்த வேலையில் என்னை இறக்கிவிட்டது.

2020-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்ததிலிருந்து வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். திசைக்கு ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக். வேகத்துக்கு விசைப்பலகையில் எஃப்2, எஃப்3. ஏறும்போது எஃப்3, இறங்கும்போது எஃப்2 என்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு தட்டினோம் என்று கைக்குத் தெரியாது, கண்ணால் திரையைப் பார்த்தாக வேண்டும். தரை நெருங்கும் நேரத்தில் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. அதனால் த்ராட்டில், அதாவது என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர், செய்வது என்று முடிவு செய்தேன்.

எந்த விமானத்துக்கு என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. போயிங் 737-இல் ஆட்டோ த்ராட்டில் போட்டால் லீவர்கள் தாமாகவே நகரும். அதை வீட்டில் செய்ய மோட்டார், கிளட்ச் எல்லாம் வேண்டும். ஏர்பஸ் ஏ320 அப்படியில்லை. கணினி என்ஜினைக் கூட்டினாலும் குறைத்தாலும் லீவர் வைத்த இடத்திலேயே நிற்கும். ஐடில் (என்ஜின் சும்மா ஓடும் நிலை), க்ளைம்ப் (மேலே ஏற), ஃப்ளெக்ஸ் (குறைத்த விசையில் புறப்பட), டோகா (முழு விசைக்கு) என்று குறிப்பிட்ட இடங்களில் பள்ளங்கள் இருக்கும், லீவர் அதில் போய் 'டக்'கென்று உட்காரும். கோணக் கணக்கும் எளிது. ஐடில் 0 பாகை, க்ளைம்ப் 25, ஃப்ளெக்ஸ் 35, டோகா 45. பின்பக்கம், இறங்கியபின் வேகத்தைக் குறைக்க என்ஜின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பும் ரிவர்ஸ்: ரிவர்ஸ் ஐடில் 6, முழு ரிவர்ஸ் 20. மொத்தம் 65 பாகைதான். முதல் முறை செய்கிறவர்களுக்கு ஏர்பஸ்தான் ஏற்றது என்பேன்.

எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. லீவர் திரும்பும் அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பினால் மின்தடை மாறும் பாகம்), அதன் இரண்டு ஓரக் கால்களுக்கு 5 வோல்ட்டும் கிரவுண்டும், நடுக்காலை ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற குட்டி நிரல் போர்டின் அனலாக் பின்னுக்குக் கொடுத்தால் போதும். சாதாரண ஊனோ (ஆர்3) போர்டு வாங்கிவிடாதீர்கள். ப்ரோ மைக்ரோவில் இருக்கும் 32யு4 சிப் கணினியிடம் தன்னை ஜாய்ஸ்டிக் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும், ஊனோவால் நேரடியாக அது முடியாது. ஜாய்ஸ்டிக் லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது, நிரல் இருபது வரிகூட வராது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ப்ரோ மைக்ரோவின் யுஎஸ்பி சாக்கெட் போர்டை விட்டுப் பிய்ந்து வரக்கூடியது. வாங்கிய அன்றே ஒயரைச் செருகி, சாக்கெட்டைச் சுற்றி ஹாட் க்ளூ போட்டுவிடுங்கள்.

முதல் தடங்கல் பொட்டென்ஷியோமீட்டரில். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு வால்யூம் கன்ட்ரோல்களைப் போட்டேன். லீவர் பாதி தூரம் போயும் திரையில் பத்து, பதினைந்து சதவீதம்தான் காட்டியது. அதன் பிறகு ஒரேயடியாகப் பாய்ந்தது. நிரலில்தான் தப்பு என்று இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன். போரூரில் எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பி முதுகைப் பார்த்தார். "தம்பி, ஏ போட்டிருக்கு பாருங்க. இது வால்யூமுக்கு. காது கேக்குற கணக்கு வேற. உங்களுக்கு பி வேணும்" என்றார். ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். காதுக்குச் சத்தம் சீராக ஏறுவதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஏ வகையில் மின்தடையை வளைத்துச் செய்திருப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 'பி10கே' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான்கு வாங்கி வந்தேன். கணக்கு நேராகிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது: பள்ளங்கள்.

பெட்டி 12 மி.மீ. ப்ளைவுட். அச்சுக்கு 8 மி.மீ. இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் 608 பேரிங். ஸ்கேட்டிங் சக்கரத்தில் போடும் பேரிங்தான், 8 மி.மீ. கம்பி கச்சிதமாக உட்காரும். ஒவ்வொரு லீவருக்கும் பக்கத்தில் வில் வடிவத் தகடு ஒன்று, அதன் விளிம்பில் பள்ளங்கள். லீவரோடு வரும் ஒரு குட்டிக் கையின் முனையில் 624 பேரிங், அது விளிம்பில் உருண்டுகொண்டே வந்து பள்ளத்தில் விழ வேண்டும். தகட்டின் ஆரத்தை 9 செ.மீ. என்று வைத்தேன். அந்தக் கணக்கில் ஒரு பாகைக்கு ஒன்றரை மி.மீ. சொச்சம் வரும், க்ளைம்புக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவே 15.7 மி.மீ. கிடைக்கும். 13 மி.மீ. குறுக்களவுள்ள அந்த பேரிங்குக்கு அது தாராளம்.

முதல் தகட்டை ப்ளைவுட்டிலேயே அறுத்தேன். முதல் நாள் 'டக்'கென்ற சத்தம் கேட்டதும் மனைவியைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லிக் காட்டினேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பள்ளத்தின் ஓரங்கள் தேய்ந்து மழுங்கி, லீவர் சோம்பலாக வழுக்க ஆரம்பித்தது. கடைசியில் கை கொடுத்தது ஹைலம் ஷீட். எலக்ட்ரிக்கல் கடையில் ஸ்விட்ச் போர்டுக்குக் கொடுப்பார்களே, அதேதான். 6 மி.மீ. ஷீட்டில் ஹேக்சாவால் அறுத்து, உருண்டை அரத்தால் பள்ளம் பள்ளமாக ராவினேன். வாடை பொறுக்காது, மாஸ்க் இல்லாமல் செய்யாதீர்கள். பேரிங்கை அழுத்திப் பிடிக்க முதலில் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் போட்டேன், பலம் பத்தவில்லை. தெரு முனை மெக்கானிக்கிடம் பழைய பைக்கின் பிரேக் ஷூ ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கி மாட்டியதும் லீவருக்கு ஒரு கனம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முன்னே தள்ளினேன். ஐடில், க்ளைம்ப், ஃப்ளெக்ஸ், டோகா, எல்லாம் கையிலேயே தெரிந்தது.

அடுத்தது, கை உணர்வதைக் கணினிக்கும் புரிய வைப்பது. நான் சிமுலேட்டரில் ஓட்டுவது ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் என்ற இலவச ஏ320 மாதிரி. அதன் காக்பிட்டில் இருக்கும் டேப்லெட்டில் த்ராட்டில் அளவீட்டுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. லீவரை ஒரு பள்ளத்தில் வைத்து, அப்போது வரும் எண்ணைப் பதிய வேண்டும். எண்கள் கழித்தல் 1-லிருந்து 1 வரை போகும். ஒவ்வொரு எண்ணைச் சுற்றியும் சின்ன இடைவெளி விடலாம், அதற்குள் இருந்தால் லீவர் பள்ளத்தில் இருப்பதாகக் கணக்கு. அதற்கு முன்னால் சிமுலேட்டர் அமைப்பில் இரண்டு என்ஜின்களுக்கும் தனித்தனி ஆக்ஸிஸ் கொடுத்து, உணர்திறன் வளைவை நேர்கோடாக்கி, டெட்ஸோனை (நகர்த்தினாலும் கணக்கில் வராத பகுதியை) பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் இங்கே பதியும் எண்கள் நம்பும்படி இருக்காது.

எல்லாம் பதிந்து முதல் முறை ஏறினேன். 1,500 அடியில் திரையில் 'எல்விஆர் சிஎல்பி' (லீவரை க்ளைம்புக்குக் கொண்டுவா) என்று மினுங்கியது, இரண்டு லீவரையும் க்ளைம்ப் பள்ளத்துக்கு இழுத்தேன். மினுங்கல் நின்றது. இரண்டு நொடியில் அம்பர் நிறத்தில் 'எல்விஆர் ஏசிம்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு லீவர் பள்ளத்தில், இன்னொன்று வெளியே என்று அர்த்தம். ஆனால் என் இரண்டு லீவர்களும் பள்ளத்தில்தான் இருந்தன. டேப்லெட்டில் பார்த்தால் வலது லீவரின் எண் 0.32-க்கும் 0.45-க்கும் நடுவே துள்ளிக்கொண்டிருந்தது.

காரணம் கணக்கில் இருந்தது. ஆர்டுயினோ படிக்கும் 1,024 படிகள் பொட்டென்ஷியோமீட்டர் முழுதாகத் திரும்பும் சுமார் 300 பாகைக்கு. என் லீவர் திரும்புவதோ 65 பாகை. கைக்கு வருவது 220 படிதான். அதில் முன்னும் பின்னும் ஏழெட்டுப் படி மின் இரைச்சலில் ஆடினால் எண் இப்படித்தான் துள்ளும். க்ளைம்பைச் சுற்றி இடைவெளியைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். ஆனால் ஐடிலுக்கும் ரிவர்ஸ் ஐடிலுக்கும் நடுவே 6 பாகைதான், அங்கே பெரிதாக்க இடமே இல்லை.

நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 104 கப்பாசிட்டர் ஒன்று போட்டேன். நிரலில் பதினாறு முறை படித்து சராசரி எடுத்தேன். துள்ளல் பாதியாகக் குறைந்தது. மீதியைத் தீர்த்தது அக்கா மகன். "மாமா, பொட்டென்ஷியோமீட்டரை நேரா அச்சுல மாட்டாதீங்க. நடுவுல கியர் போடுங்க, மூணு மடங்கு சுத்தும்" என்றான். கல்லூரியில் த்ரீடி பிரின்டரில் 48 பல்லும் 16 பல்லுமாக ஒரு ஜோடி கியர் அடித்துக் கொண்டுவந்தான். இப்போது லீவர் 65 பாகை போனால் பொட்டென்ஷியோமீட்டர் 195 பாகை திரும்புகிறது, 660 படிக்கு மேல் கிடைக்கிறது. பல்லுக்குப் பல் இருந்த ஆட்டத்தைப் போக்க, சின்னக் கியரை ஒரே பக்கமாக இழுத்துப் பிடிக்கும்படி மெல்லிய ஸ்பிரிங் மாட்டினோம். மறுபடி அளவெடுத்தேன். எண் 0.38 என்று வந்து அப்படியே நின்றது. அன்று ராத்திரி வெறுமனே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிவர்ஸுக்கு, ஐடிலில் ஒரு தடுப்புக் கட்டை. லீவரின் முன்பக்கம் விரலால் தூக்கும் சின்ன அலுமினியப் பட்டை, அதிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி உள்ளே போய் ஒரு பின்னை இழுக்கும். தூக்கினால்தான் லீவர் பின்னே போகும். பறக்கும்போது தவறியும் ரிவர்ஸ் விழாது.

போன சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஓட்டிவந்து 07-இல் இறங்கினேன். திரையில் எங்கள் ஏரியா கீழே நழுவியது. 20 அடியில் 'ரீட்டார்ட்' (லீவரை ஐடிலுக்கு இழு) என்று குரல் வந்தது. கண் ஓடுபாதையின் கோடியில் இருந்தது, கை லீவர்களைப் பின்னே இழுத்து ஐடிலில் நிறுத்தியது. சக்கரம் தொட்டதும் விரல் பட்டைகளைத் தூக்கியது. இறங்குவது தொடங்கி முடியும் வரை ஒரு முறைகூட நான் கீழே குனிந்து பார்க்கவில்லை.

வலது பட்டையின் கம்பி மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது, அதைக் கழற்றி எண்ணெய் விட வேண்டும். அதற்கப்புறம் என்ஜின்களை ஓட வைத்து நிறுத்தும் மாஸ்டர் ஸ்விட்ச் இரண்டையும் செய்ய வேண்டும். ஹைலம் ஷீட் இன்னும் அரை அடி மிச்சம் இருக்கிறது.