லைபேஸ் 540 என்றால் எத்தனை மடங்கு?

வயிற்றுவலியோடு வந்த குழந்தையைப் பாலக்கோட்டிலோ அரூரிலோ பார்த்துவிட்டு தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பும் சீட்டில் 'அக்யூட் பேன்கிரியாட்டிடிஸ்' (திடீர்க் கணைய அழற்சி) என்று மட்டும் இருந்தால், அங்கே எல்லாவற்றையும் மறுபடி கேட்க வேண்டியதாகிறது.

குழந்தைக்குக் கணைய அழற்சி என்று சொல்ல மூன்றில் இரண்டு பொருந்தணும்: அதற்கேற்ற வயிற்றுவலி, லேபின் உச்ச வரம்பைப்போல் 3 மடங்கு அல்லது அதற்கு மேல் லைபேஸ் அல்லது அமிலேஸ் (ரத்தத்தில் பார்க்கும் கணைய என்சைம்கள்), ஸ்கேனில் கணைய மாற்றம். எந்த இரண்டு என்று எழுதுங்கள். வரம்பு லேபுக்கு லேப் மாறும் என்பதால், 'லைபேஸ் 540, வரம்பு 60, 9 மடங்கு' என்று இருக்கட்டும். கூடவே வலி தொடங்கிய நேரமும் ரத்தம் எடுத்த நேரமும். அமிலேஸ் சில நாளில் இறங்கிவிடும், லைபேஸ் அதைவிட அதிக நாள் நிற்கும். கைக்குழந்தைக்கு அமிலேஸ் இயல்பிலேயே குறைவு. அதை நம்பி நோயில்லை என்று சொல்லக் கூடாது.

பெரிய பிள்ளை 'முதுகுக்கு இழுக்குது' என்று சொல்லும். சின்னதுக்கு வாந்தியும் ஓயாத அழுகையும்தான். வீட்டார் தொக்கம் எடுக்க (சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) போய் வந்திருப்பார்கள். திட்டாமல் கேட்டால்தான் வலி தொடங்கிய உண்மையான தேதி வெளியே வரும்.

ஸ்கேனில்தான் பெரிய தவறு நடக்கிறது. குடல் வாயு மறைத்ததால் 'கணையம் தெரியவில்லை' என்ற ரிப்போர்ட், அடுத்த சீட்டில் 'ஸ்கேன் நார்மல்' ஆகிவிடுகிறது. இரண்டும் வேறு வேறு.

காரணம் தேடும்போது 'வலிப்பு மாத்திரை' என்று விடாதீர்கள். வால்ப்ரோயேட்டா, என்ன டோஸ், எப்போதிலிருந்து? சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியதைப் பிள்ளை வீட்டில் மறைத்திருக்கும், தனியாகக் கேளுங்கள். பித்தக்கல், பித்தநாள நீர்க்கட்டி, பொன்னுக்கு வீங்கி, பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து, ரத்தக் கால்சியம், 1000 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் போன ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) ஆகியவற்றில் பார்த்தது எது, பார்க்காதது எது என்றும் குறியுங்கள்.

'ட்ரிப் போகுது' என்பது பதிவே இல்லை. 18 கிலோ குழந்தைக்கு ஒரு நாள் அடிப்படை நீர்த் தேவை 1400 மில்லி. ஒன்றரை மடங்கு 2100, அதாவது மணிக்குச் சுமார் 88 மில்லி. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கொடுப்பார்கள். மூச்சுத் திணறலையும் சிறுநீர் அளவையும் பார்த்துக் கூட்டிக் குறைத்ததை நேரத்தோடு எழுதணும். லேசான நோய்க்கு நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய பழக்கம். வாந்தி அடங்கியதும் வாய்வழி ஆகாரம் தொடங்கலாம். எழுதப்பட்ட காரணம் இல்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

டிஸ்சார்ஜில் வலி முழுதும் நின்ற தேதியைப் போடுங்கள். ஒரு மாதம் வலியே இல்லாமல் இருந்து மறுபடி வந்தால், இல்லை வலி நின்று என்சைமும் இயல்புக்கு வந்தபின் வந்தால், அது தனி இரண்டாவது தாக்குதல். திரும்பத் திரும்ப வருவதற்கு ஸ்பிங்க்1, பிஆர்எஸ்எஸ்1 மரபணுச் சோதனையை யோசிக்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.